தலையாட்டும் மேடை விளக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் திருவிழா மேடைக்கு அருகே பொழுது சாயும் நேரத்தில் நின்று பாருங்கள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், கம்பத்தில் தொங்கும் விளக்குகள் யாரும் தொடாமலே இடமும் வலமும் திரும்பி, மேலும் கீழும் தலையாட்டிவிட்டு அடங்கும். சிறுவர்களுக்கு அது சாமியாட்டம். விளக்கு ஏன் அப்படிச் செய்கிறது?

முன்பு விடிய விடிய நடந்த ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பெட்ரோமாக்ஸே வெளிச்சம். ராஜபார்ட்டை மட்டும் காட்டு என்றால் அதற்குத் தெரியாது. மின்சாரம் வந்தபின் போக்கஸ் விளக்கு வந்தது. அதைத் திருப்பவும், வண்ணத்தாள் ஒட்டிய சக்கரத்தைச் சுழற்றவும் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். பாவம், நாடகம் பார்க்க அவருக்கு ஏது நேரம்!

அவருடைய கைவேலையை மோட்டாரிடம் ஒப்படைக்கப் பலர் முயன்றனர். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஷோகோ நிறுவனத்தார் முதலில் தேடியது நிறம் மாறும் விளக்கைத்தான். வண்ண வில்லைகளைத் திருப்ப மோட்டார் வைத்தபோது, இன்னும் இரண்டு மோட்டார் சேர்த்தால் விளக்கே திரும்புமே என்ற யோசனை பிறந்தது. அவ்வாறு உருவான 'வேரிலைட்' 1981 செப்டம்பரில் ஸ்பெயினின் பார்சிலோனாவில், 'ஜெனசிஸ்' இசைக்குழுவின் மேடையில் அரங்கேறியது.

அந்த இரண்டில் ஒன்று விளக்கைத் தாங்கும் கவையைச் சுற்றும். மற்றது கவைக்குள் தலையைச் சாய்க்கும். இன்றைய விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். அது வழுக்கிச் சுழலாது, அடியடியாக நகரும். ஒரு சுற்றுக்கு 200 அடி, அடிக்கு 1.8 பாகை. நேரடியாகப் பூட்டினால் 20 மீட்டருக்கு அப்பால் ஒளி ஒவ்வோர் அடிக்கும் 63 சென்டிமீட்டர் தாவும்! ஆகவே மோட்டாரில் சிறிய பல்சக்கரமும் கவையில் பெரிய பல்சக்கரமும் வைத்துப் பல் பெல்ட்டால் இணைக்கிறார்கள். எட்டில் ஒன்றாகக் குறைத்தால் தாவல் 8 சென்டிமீட்டர். மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்து, ஓர் அடியையே பல கூறாக்கினால் ஒளி வழுக்கிக்கொண்டு போவதாகவே கண்ணுக்குத் தோன்றும்.

ஆனால் இந்த மோட்டாருக்கு அடி வைக்கத்தான் தெரியும். தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. எனவே மின்சாரம் வந்தவுடன் விளக்கு தன் பூஜ்ஜியத்தைத் தேடிப் புறப்படுகிறது. கவையோடு சுற்றும் சிறு தகடு ஓர் ஒளியுணர்வியின் குறுக்கே வந்ததும், அங்கிருந்து அடிகளை எண்ணத் தொடங்குகிறது. சிறுவர்கள் கண்ட சாமியாட்டம் இதுதான். நிகழ்ச்சி நடுவே மின்சாரம் நின்று வந்தாலும் மறுபடி ஆடியே தீரும். கரிசல் புழுதி உணர்வியை மறைத்துவிட்டாலோ, பூஜ்ஜியம் அகப்படாமல் ஆட்டம் நீளும். அப்போது மூடியைக் கழற்றி ஊத ஓர் ஆள் கம்பத்தில் ஏற வேண்டியதுதான்.