படகு வாரிசுக்கு, மீன்பிடி உரிமம் யாருக்கு?

அப்பா இறந்த மறுவாரமே அவர் படகில் கடலுக்குப் போகும் மகன்கள் உண்டு. படகும் வலையும் குடும்பச் சொத்து. மீன்பிடி உரிமம் அப்படியல்ல. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அது அரசு கொடுக்கும் அனுமதி. உயிலில் எழுதி வைத்திருந்தாலும் மீன்வளத் துறை ஒப்புக்கொள்ளாமல் பெயர் மாறாது.

உயில் இல்லையா? தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டம்தான். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இறந்தவரின் பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. கடலுக்குப் போகிறவன் மூத்தவன் என்பதால் படகு அவனுக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. அண்ணன் தம்பி சண்டை தொடங்குவதும் இங்கேதான். மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் காலாவதியாகும் வரை காத்திராமல், இறப்புச் சான்றிதழுடன் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.