கஞ்சித்தொட்டி வாசலில் இருந்த மருந்து

எங்க ஆயாவிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும் என்று கேட்டால் முழிக்கும். கஞ்சித்தொட்டிக்கு எப்படிப் போகணும் என்று கேட்டால், எந்த ஸ்டாப்பில் இறங்கணும், எந்தப் பக்கம் நடக்கணும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். எர்ணாவூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்துப் பெரியவர்கள் நிறைய பேருக்கு இன்றைக்கும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். சின்ன வயதில் நான் இதை ஏதோ கிண்டல் பெயர் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுவார்கள், அதனால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன்.

விஷயம் அதைவிடப் பழசு. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் நடந்த போரில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் பாழாகி, பஞ்சம் வந்தது. பசியோடு ஊருக்குள் வந்தவர்களுக்கு 1782 வாக்கில் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் 'மோனிகர் சோல்ட்ரி'. கஞ்சி வைத்த தொட்டியால் ஜனங்களுக்கு அது கஞ்சித்தொட்டி. 1799இல் ஜான் அண்டர்வுட் என்கிற டாக்டர் அங்கே ஒரு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் வந்தது 1930களில்தான். ஆக, முதலில் கஞ்சி, அப்புறம் வைத்தியம், கடைசியில்தான் பெயர்ப்பலகை.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837. அவர் ஆட்சியின் முதல் பத்துப் பதினைந்து வருடங்களில் ஆங்கில வைத்தியம் எப்படி இருந்தது என்று படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே போனது. வாந்திபேதி கண்ட ஒரு ஏழை அந்தக் காலத்தில் இப்படி ஒரு இடத்துக்கு வந்தால், உள்ளே டாக்டர் கையில் இருந்ததைவிட வாசலில் தொட்டியில் இருந்ததே அவனுக்கு நல்ல மருந்தாக இருந்திருக்குமோ?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சும்மா 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' வகைக் கதை சொல்ல வரவில்லை.

காலரா 1817இல் வங்காளத்தில் ஜெசூர் பக்கம் பெரிய கொள்ளைநோயாகக் கிளம்பி, 1818இல் சென்னைக்கு வந்துவிட்டது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் அது இங்கே வந்து வந்து போனது. நோய் என்ன செய்கிறது என்று இப்போது நமக்குத் தெரியும். கிருமி குடலில் நஞ்சைக் கக்குகிறது, உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் குடல் வழியாகக் கொட்டிப் போகிறது. கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போகலாம். கண் குழிவிழும், விரல் தோல் சுருங்கும், நாடி காணாமல் போகும். காலையில் வேலைக்குப் போன ஆள் ராத்திரிக்குள் செத்துப் போவது இப்படித்தான். போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கிருமி தானாகக் கழுவிப் போய்விடும், ஆளும் பிழைப்பான்.

அந்தக் காலத்து டாக்டர்கள் செய்தது என்ன? கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள்!

ஜேம்ஸ் ஆன்ஸ்லி என்று மதராஸ் மருத்துவத் துறையில் நெடுநாள் வேலை பார்த்த பெரிய டாக்டர் ஒருவர். பிற்பாடு சர் பட்டமும் வாங்கியவர். இந்தியாவின் நோய்கள் பற்றி 1825இல் அவர் எழுதிய புத்தகம் ரொம்பப் பிரபலம். அவருடைய சிகிச்சையின் இரண்டு தூண்கள், ரத்தம் எடுப்பதும் கலோமலும். கலோமல் என்பது பாதரசமும் குளோரினும் சேர்ந்த வெள்ளைப் பொடி, நல்ல பேதி மருந்து. 20 கிரெயின், அதாவது சுமார் 1.3 கிராம், ஒரே வேளைக்கு. கூடவே அபின். பேதியால் சாகிறவனுக்குப் பேதி மருந்து! இந்தப் பாதரசத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் வாயில் எச்சில் ஊறி வழியும், ஈறு வீங்கும், பல் ஆடும். இதெல்லாம் பாதரச விஷத்தின் அறிகுறி. அவர்களோ எச்சில் ஊற ஆரம்பித்தால் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். (நம்ம ஊர் வைத்தியத்திலும் பாதரசம் உண்டு என்பதால் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.)

இன்னொன்று. தாகத்தில் தண்ணீர் தண்ணீர் என்று கதறுகிற காலரா நோயாளிக்குத் தண்ணீர் தரக்கூடாது, தந்தால் வாந்தி அதிகமாகும் என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது இந்த இடத்தில்தான்.

இவர்கள் முட்டாள்களோ கொடுமைக்காரர்களோ கிடையாது. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் முடிவுக்கு வந்தார்கள், அதுதான் வினோதம். காலராவில் நீர் வற்றிப்போய் ரத்தம் தார் மாதிரி கெட்டியாகிவிடும், கீறினாலும் வராது. யாருக்குக் கீறியவுடன் ரத்தம் தாராளமாக வந்ததோ, அவர்களில் நிறைய பேர் பிழைத்தார்கள். உடனே 'ரத்தம் எடுத்ததால் பிழைத்தான்' என்று எழுதிவிட்டார்கள். உடம்பில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருந்தவனுக்குத்தான் ரத்தம் வந்தது, அவன் எப்படியும் பிழைத்திருக்கக்கூடியவன், ரத்தம் எடுத்தும் தப்பினான் என்பதே உண்மை. புள்ளியியல் வகுப்பில் எனக்குப் புரியாத ஒரு பாடம் இந்த இடத்தில் பளிச்சென்று புரிந்தது.

சரி, வேறு யாருக்கும் உண்மை தெரியாதா என்றால், தெரிந்திருந்தது! 1831இல் இங்கிலாந்துக்குக் காலரா வந்தபோது வில்லியம் ஓஷானஸி என்கிற 22 வயது அயர்லாந்துக்காரர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அதில் தண்ணீரும் உப்புகளும் குறைந்திருக்கின்றன, அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்கிற டாக்டர் 1832இல் ஸ்காட்லாந்தில் லீத் துறைமுகத்தில் அதைச் செய்தே பார்த்தார். முதல் நோயாளி ஒரு வயதான பெண்மணி, கிட்டத்தட்ட பிணம். நரம்பு வழியாக உப்புத் தண்ணீரை அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், மூன்று லிட்டருக்கும் மேல், ஏற்றினார். நாடி திரும்பியது, முகத்தில் உயிர் வந்தது. இன்னொரு டாக்டர் பொறுப்பில் விட்டுவிட்டு லாட்டா போய்விட்டார். பேதி மறுபடி தொடங்கியது, மறுபடி யாரும் ஏற்றவில்லை, சில மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். லாட்டா மேலும் சிலருக்குச் செய்து சிலரைப் பிழைக்க வைத்தார். அடுத்த வருடமே அவரும் இறந்துவிட்டார். சிகிச்சை ஓரமாகக் கிடந்தது. நம் கையில் ஏறும் சலைன் பாட்டிலின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

ஓஷானஸி என்ன ஆனார்? 1833இல் கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்தார். காலராவின் சொந்த ஊருக்கே வந்துவிட்டார், இனி பிரமாதம் என்று நினைத்தேன். ம்ஹூம். கஞ்சாவின் மருத்துவ குணத்தை ஆராய்ந்தார், கல்கத்தாவில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார், கடைசியில் தந்தி பக்கம் போய்விட்டார். 1850களில் கல்கத்தாவிலிருந்து ஆக்ரா, பம்பாய், மதராஸ் வரை தந்திக் கம்பி இழுத்தது அவர் தலைமையில்தான். மதராஸுக்குத் தந்தி வந்தது, உப்புத் தண்ணீர் வரவில்லை.

இதோடு அதே காலத்து அறுவை சிகிச்சையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1846 வரை மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற அலறத்தான் வெட்டு. வேகமாக வெட்டுகிறவர் பெரிய சர்ஜன். வங்காளத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்கிற டாக்டர் 1845 ஏப்ரலில் ஒரு கைதியிடம் 'மெஸ்மரிசம்' முயற்சி செய்தார். கையால் தடவித் தடவித் தூங்க வைத்து வெட்டுவது. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் விரை வீங்கிப் பெரிய கட்டியாகத் தொங்கியவர்கள். யானைக்கால் நோயின் இன்னொரு முகம் அது. வடசென்னைப் பெரியவர்களுக்கு யானைக்கால் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொசுவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1877இல்தான் தெரிந்தது. எஸ்டெய்லின் தடவல் எத்தனை தூரம் வேலை செய்தது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. ஆனால் 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து ஊரறிய அறுவை செய்தார்கள். டிசம்பரில் லண்டனில் செய்தார்கள். 1847 மார்ச் 22 அன்று கல்கத்தாவில் செய்துவிட்டார்கள்! விமானம் இல்லை, தந்தி இல்லை, பாய்மரமும் நீராவியும்தான். ஐந்தே மாதம்.

ஈதருக்கு ஐந்து மாதம். உப்புத் தண்ணீர் எல்லோருக்கும் வந்து சேர நூறு வருடத்துக்கு மேல். ஏன்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஈதர் கொடுத்தால் அலறல் நிற்கிறது. அறையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த நிமிடமே தெரியும், முக்கியமாக வெட்டுகிற டாக்டருக்கு நிம்மதி. உப்புத் தண்ணீர் அப்படி இல்லை. ஏற்றினால் எழுந்து உட்காருவான், நிறுத்தினால் மறுபடி விழுவான். பக்கத்திலேயே உட்கார்ந்து மணிக்கணக்காக, நாள்கணக்காகக் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்யாத தண்ணீரை நரம்பில் ஏற்றினால் அதனாலேயே சாவு வரலாம், கிருமி பற்றிய அறிவும் அப்போது இல்லை. இது எல்லாவற்றுக்கும் மேல், அதை ஒத்துக்கொண்டால் இத்தனை வருடம் ரத்தம் எடுத்தது தப்பு என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு சர் பட்டம் வாங்கியவர் ஒத்துக்கொள்வாரா?

இனி கஞ்சிக்கு வருகிறேன். 1960களில் ஒரு விஷயம் தெரியவந்தது. காலராவில் குடல் உப்பை மட்டும் உறிஞ்சாது; கூடவே குளுக்கோஸ் இருந்தால் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். ஊசியே வேண்டாம், வாய் வழியாகவே கொடுக்கலாம். 1971இல் பங்களாதேஷ் போரின்போது போங்கான் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனோபிஸ் என்கிற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பெரிய பெரிய கலன்களில் வைத்துக் கொடுக்க வைத்தார். கொடுத்தவர்களில் முக்கால்வாசி நோயாளிகளின் உறவினர்கள்தான். சாவு விகிதம் சுமார் 30 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சிக் கலந்தால் காலராவுக்கு அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது, பேதியின் அளவையும் குறைக்கிறது. அரிசியின் மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக உடைவதுதான் காரணம்.

அரிசி, தண்ணீர், உப்பு. அதைக் காய்ச்சினால் என்ன பெயர்?

1782இல் தொட்டியில் கஞ்சி ஊற்றியவர்கள் பசிக்குத்தான் ஊற்றினார்கள், காலராவை நினைத்து இல்லை. அந்தக் கஞ்சியில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் நாம் கணக்கிட முடியாது. கடுமையான காலராவுக்குச் சலைன்தான் வேண்டும், கஞ்சியை நம்பி யாரும் வீட்டிலேயே உட்காரக் கூடாது. ஆனாலும் 1840களில் ஒருவனுக்கு வாந்திபேதி கண்டிருந்தால், நரம்பைக் கீறுகிறவரிடம் போவதைவிட, உப்புக் கஞ்சியை மடக்கு மடக்காக ஊற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆயா கிடைப்பது எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெய் மிதக்கும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வாரம் என் தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முகாமில் ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்தார்கள். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், இன்னும் இரண்டு உப்புகள் என்று அதன் மேல் அச்சடித்திருந்தது. அதையும் கொடுத்தோம், ஆயா கஞ்சித் தண்ணீரையும் விடவில்லை. ராத்திரி முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் எழுப்பி எழுப்பி, 'இன்னும் ரெண்டு வாய் குட்றா கண்ணு' என்று ஊற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அவன் கிரிக்கெட் பேட்டைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

இதையெல்லாம் படித்த பிறகு, ஆயா கஞ்சியில் போடும் உப்பை ஒருநாள் டீஸ்பூனில் கொட்டி அளந்து பார்த்தேன். வீட்டில் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலந்தால் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்புதான் போட வேண்டும், கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. ஆயாவின் கைக்கணக்கு ஒரு லிட்டர் சொம்புக்கு அதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குறைத்துக்கொள் ஆயா என்றேன். உப்பில்லாத கஞ்சியை நீயே குடி என்று திட்டிவிட்டு, அடுத்த நாள் டீஸ்பூன் எங்கே என்று கேட்டது.