சிங்கப்பூர்த் துறையில் தமிழ்ப் படகோட்டிகள்

விடுமுறை நாளில் உற்றாரும் நண்பரும் ஒன்றுகூடி, மாலுமிகளோடு விசைப்படகொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு முதலிய தீவுகளுக்குச் சென்று வருவது இன்றைய சிங்கப்பூரில் வழக்கமாகியுள்ளது. இதனைச் செல்வர்தம் புதுப் பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுவர். ஆயின், படகையும் அதனைச் செலுத்துவோரையும் ஒருங்கே கூலிக்கு அமர்த்தும் முறை அத்துறைமுகத்தோடு உடன் வளர்ந்ததாகும். அதன் தொடக்கக் காலத்தில் முன்னின்று உழைத்தோருள் தமிழரும் இருந்தனர்.

1819இல் ராபிள்ஸ் அங்குச் சுங்கவரியற்ற துறைமுகத்தை நிறுவினார். கப்பல்கள் திரண்டு வந்தன. பெருங்கப்பல்கள் ஆற்றினுள் புக இயலாமையால் வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்றன. சரக்கைக் கரைசேர்க்கத் தொங்கான் முதலிய சிறு கலங்கள் வேண்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தொழிலில் மேலோங்கி நின்றோர் சோழமண்டலக் கரையினின்று வந்த சூலியாக்கள். 1822இல் வகுக்கப்பெற்ற நகரத் திட்டத்தில் ஆற்றங்கரையை அடுத்து அவர்களுக்கெனத் தனிக் குடியிருப்பே ஒதுக்கப்பட்டது.

வணிகன் கூலி கொடுத்தது மரத்தோணிக்கு மட்டுமன்று. ஓதம் ஏறும் நேரம் எது, வற்றும் நேரம் எது, ஆற்றுவாயில் எவ்விடத்தே ஆழம் குறைவு என்பவற்றை அறிந்தவன் படகோட்டியே. அவ்வறிவின்றிப் படகு பயன்படாது. இன்று உல்லாசப் படகை அமர்த்துவோரும் மாலுமியின் இத்தகைய அறிவையே நம்பி ஏறுகின்றனர். 'மாலுமி', 'சுக்கான்' என்னும் சொற்கள் அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. பல நாட்டார் கலந்து பழகிய கடல்தொழிலின் வரலாற்றை அவையே உரைக்கும்.

பின்னர் நிலைமை மாறிற்று. சீனத் தோணிக்காரர் ஆற்றுத்தொழிலைத் தமதாக்கிக்கொண்டனர். 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி தோன்றியபின் நீராவிக் கப்பல்கள் துறைமேடையை நேரே அணையும் வசதி பெருகிற்று. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியின்போது, 1983இல், எஞ்சிய சரக்குத் தோணிகளும் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. தீவுகளுக்குச் செல்வோர் படகேறிய கிளிஃபோர்டு துறையும், 1933 முதல் பணிசெய்து, 2006இல் மூடப்பட்டது.

சிங்கப்பூர்த் தமிழர் என்றால் சிராங்கூன் சாலையும் 'லிட்டில் இந்தியா'வும் நினைவுக்கு வருதல் இயல்பே. எனினும், தமிழர் முதலில் காலூன்றிய இடங்களைக் காண ஆற்றுப்பக்கமே செல்லல் வேண்டும். அங்கே சூலியா தெரு உளது. 1826இல் தொடங்கப்பெற்ற ஜாமியா சூலியா பள்ளிவாசல் உளது. தெலுக் ஆயர் தெருவில், 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா நிற்கிறது. இன்று நகர்நடுவே உள்ள அத்தெரு, கடல் தூர்க்கப்படுமுன் கரையோரமாயிருந்தது. கடல்கடந்து வந்தோர் நலமுடன் இறங்கியமைக்கு நன்றி செலுத்திய இடம் அது.

1819இல் ராபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளையின் பெயரை வரலாறு போற்றி வைத்துள்ளது. சரக்கைக் கரைசேர்த்த தமிழ்ப் படகோட்டிகளோ பெரும்பாலும் சூலியா என்ற இனப்பெயரளவிலேயே நிற்கின்றனர். துறைமுகத்தின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், வணிகரோடு இவர்களையும் சேர்த்துச் சொல்லுதல் கடன்.