வலி போன பின் மிச்சமிருப்பது

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 7. பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசிக்கு எட்டாவது பிரசவம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கைக்குட்டையைக் கூம்புபோல மடித்து, அதில் சில சொட்டு குளோரோஃபார்ம் விட்டு, வலி எழும்போதெல்லாம் அரசியின் முகத்தருகே பிடித்தார். 53 நிமிடங்களில் இளவரசர் லியோபோல்ட் பிறந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஸ்னோவின் குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: அரசி எந்தக் கட்டத்திலும் முழுதாக நினைவிழக்கவில்லை. வலி தணிந்தது, விழிப்பு இருந்தது.

பிரசவ வலியைப் போக்கிய மருந்துகளுக்குக் கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, ஊர் என ஒரு வரலாறு உண்டு. வலியை எடுத்தபோது கூடவே எதை எடுத்தார்கள், எது மிஞ்சியது, மிஞ்சியதைப் பற்றி அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது இன்னொரு வரலாறு. எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை.

எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 ஜனவரியில் ஈதரையும், நவம்பரில் குளோரோஃபார்மையும் பிரசவத்தில் பயன்படுத்தினார். ஏவாளுக்கு இடப்பட்ட சாபத்தில் மனிதன் கைவைக்கலாமா என்ற கேள்வி வரும் என்று தெரிந்து, அதற்கு அவரே ஒரு சிறுநூலில் பதில் எழுதினார். தமிழ் படித்தவளாக எனக்கு அதில் பிடித்தது, ஒரு சொல்லின் பொருளுக்காக அவர் எபிரேய அகராதிக்குள் இறங்குவதுதான். ஆதியாகமத்தில் உள்ள அந்தச் சொல் உடல் வேதனையை அல்ல, உழைப்பைக் குறிக்கிறது என்று வாதாடினார். அடுத்த வசனத்தில் ஆதாம் நிலத்தில் படப்போகும் பாட்டுக்கும் அதே வேரில் பிறந்த சொல்தான் வருகிறது. ஆனால் உழவன் ஏரில் மாட்டைப் பூட்டிப் பாட்டைக் குறைத்துக்கொண்டதை யாரும் பாவமென்று சொல்லவில்லை. நம் பழந்தமிழிலும் வலி என்றால் வலிமை. திருக்குறளில் ‘வலியறிதல்’ ஆற்றலை அளந்தறிவது பற்றிய அதிகாரம். அது அரசனுக்குச் சொன்னது, லேபர் வார்டுக்கு அல்ல.

உண்மையில் போதகர்களைவிட மருத்துவர்களே பலமாக எதிர்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் சார்லஸ் மெய்க்ஸ் அவர்களில் முக்கியமானவர். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும்போது, அது சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்குத் தாயின் உணர்வும் அவள் சொல்லும் பதிலும்தான் நல்ல வழிகாட்டி, அவளை மயக்கிவிட்டால் யாரைக் கேட்பது என்றார் அவர். பெண்ணின் வாய்ச்சொல் தேவை என்று சொன்ன மனிதர், அவள் வலியை நீட்டிக்கவே அதைச் சொன்னார்.

அடுத்து வந்தது அந்தி உறக்கம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கவுஸ், க்ரோனிக் என்ற இரு மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினோடு ஸ்கோபாலமின் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பெண் கண் விழிக்கும்போது குழந்தை பக்கத்தில் இருக்கும், பிரசவித்த நினைவு இருக்காது. 1914இல் அமெரிக்காவின் ‘மெக்ளூர்ஸ்’ இதழ் இதை எழுதியதும், அங்குள்ள பெண்கள் சங்கம் அமைத்து, கூட்டம் போட்டு, எங்களுக்கும் இது வேண்டும் என்று கேட்டார்கள். வாக்குரிமை கேட்டவர்கள் பலர் அதில் இருந்தார்கள். முன்னணியில் நின்ற ஃபிரான்சிஸ் கார்மடி 1915இல் பிரசவத்தில் இறந்தார். ரத்தப்போக்குதான் காரணம், மருந்தல்ல என்றார்கள். ஆனாலும் இயக்கம் தளர்ந்தது. மருந்து மட்டும் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

அந்த மருந்து வலியை முழுதாக எடுக்கவில்லை, நினைவைத்தான் எடுத்தது. பெண்கள் கத்தினார்கள், கட்டிலில் புரண்டார்கள். விழாமலிருக்கக் கையும் காலும் கட்டப்பட்டன. காலையில் எதுவும் நினைவில்லை என்பதால் புகார் சொல்லவும் ஆளில்லை. 1958இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழ் பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகள் பற்றிக் கட்டுரை வெளியிட்டதற்குத் தூண்டுதல் ஒரு செவிலியர் எழுதிய கடிதம். பார்த்தவருக்குத்தானே நினைவிருக்கும்! அந்தி உறக்கம் கேட்ட பெண்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் கேட்டது நியாயமானது, கிடைத்தது வேறொன்று.

எபிடியூரல் இந்தப் பாதையில் வரவில்லை. ஃபிடெல் பாகெஸ் என்ற ஸ்பானிய ராணுவ மருத்துவர் 1921இல் இந்த முறையை எழுதியது அறுவைச் சிகிச்சைக்காக. கியூபாவின் மார்ட்டினெஸ் கர்பெலோ 1940களின் இறுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெல்லிய குழாயைச் செலுத்தி அங்கேயே விட்டுவைக்கலாம் என்று காட்டினார். தண்டுவடத்தை மூடிய உறைக்கு வெளியே அந்தக் குழாய் நிற்கும். தேவைப்படும்போதெல்லாம் அதன் வழியே மருந்து விடலாம். மூளை விழித்திருக்கும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். பிரசவம் முடியும்வரை அவள் பேசலாம் என்பது பெரிய மாற்றம்.

ஆனால் பழைய எபிடியூரலில் மருந்தின் செறிவு அதிகம். கால்களைத் தூக்க முடியாது, வேறு யாருடையவோ போலக் கிடக்கும். வயிறு கல்லாக இறுகுவது கைவைத்தால் தெரியும், உள்ளிருந்து தெரியாது. அடுத்த சுருக்கம் வந்துவிட்டதை அவளுக்கு முன் மானிட்டர் காகிதத்தின் கோடு சொல்லும். ‘முக்கு’ என்று மருத்துவச்சி சொன்னால் எந்தத் தசையை முக்குவது என்றே பிடிபடாது. ஆயுதப் பிரசவங்கள் கூடின. வலி இல்லை, பிரசவமும் என்னுடையதாக இல்லை என்று சொன்ன பெண்கள் உண்டு. இருபது மணி நேரம் துடித்துவிட்டு, ஊசி போட்டதும் தூங்கி எழுந்து, தெம்போடு பெற்றெடுத்ததாக மகிழ்ந்தவர்களும் உண்டு. இரண்டும் உண்மைதான், ஒன்றை வைத்து மற்றதை அடிக்க வேண்டாம்.

பிறகு மருந்தின் செறிவைக் குறைத்து, கூடவே ஃபென்டனில் சிறிதளவு சேர்த்தார்கள். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு, குறைந்த அளவு கொடுத்தபோது ஆயுதப் பிரசவங்கள் குறைந்ததைக் காட்டியது. இன்று ஊசி போட்டுக்கொள்பவர்கள் சொல்வது இது: வலி போய்விடும், இறுக்கம் இருக்கும். கால் கனக்கும், ஆனாலும் அசையும். உடம்பு நடுங்கும், தோல் அரிக்கும். ரத்த அழுத்தம் இறங்கினால் குமட்டும். சிறுநீர் முட்டுவது தெரியாது என்பதால் டியூப் போடுவார்கள். கடைசியில் மலம் வருவதுபோல ஓர் அழுத்தம். குழந்தையின் தலை இறங்கிவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகும், மறுபக்கம் வலி அப்படியே இருக்கும். குழாயைச் சற்று இழுத்தோ, மாற்றிப் போட்டோ சரிசெய்யலாம். அதற்கு முதலில் அவள் சொல்வதை யாராவது நம்ப வேண்டும். எல்லோர் சொல்லுக்கும் ஒரே மதிப்பு இருந்ததில்லை. அலபாமாவில் 1845 முதல் 1849 வரை மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்க்கா, பெட்ஸி, லூசி முதலான அடிமைப் பெண்களின் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப அறுவை செய்தபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. இடையில் ஈதர் வந்துவிட்டிருந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு வலி குறைவு என்ற நம்பிக்கையின் மிச்சம் இன்னும் அமெரிக்க வார்டுகளில் உண்டு. நம் ஊரில் இந்த ஊசி பெரும்பாலும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில்தான். மற்றவர்கள் ஊசியில்லாமல் பெறுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சுகப்பிரசவம்.

மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று காட்ட இன்றுவரை ஒரு கருவி கிடையாது. மயக்கவியல் மருத்துவர் பனிக்கட்டியையோ குளிர் ஸ்ப்ரேயையோ எடுத்துத் தொடையில், வயிற்றில், விலா ஓரத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்கிறார்: “இங்கே சில்லென்று இருக்கிறதா?” இருக்கிறது, இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அதை வைத்து அடுத்த அளவைத் தீர்மானிக்கிறார்.