கோட்டை வாசலில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி



போன சனிக்கிழமை பத்தாம் தரப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, மட்டக்களப்பில் ஒல்லாந்தர் விட்டுப்போன இடங்களைப் பார்க்கப் போனோம். தூரப் பயணம் ஒன்றுமில்லை. காத்தான்குடியில் ஏறி நாவற்குடா, கல்லடி தாண்டிப் பாலத்தைக் கடந்தால் புளியந்தீவு. நம் வாப்பாமார் கச்சேரி அலுவலுக்குப் போய்வந்த அதே கோட்டைதான். கையில் பைலோடு வரிசையில் நின்றவர்களுக்கு மதிலை நிமிர்ந்து பார்க்க நேரம் எங்கே?

பிள்ளைகள் பார்த்தார்கள். நான்கு மூலையிலும் கொத்தளங்கள், இரண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கங்களில் அகழி. வாசலுக்கு மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இது ஒல்லாந்தர்ர கோட்டை எண்டா, எங்கட ஆக்கள் அப்ப எங்க இருந்த?"

பாடப் புத்தகத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. அங்கேயே மர நிழலில் உட்கார வைத்துச் சொன்னோம்.

போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி அரசன் செனரத் 1626ல் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இதை எழுதி வைத்தவர் நம் ஆள் இல்லை, குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். இரண்டு வருடம் கழித்து, 1628ல், போர்த்துக்கேயர் இங்கேயும் வந்து இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். ஆக, இந்தக் கோட்டையின் முதல் கல் வைக்கப்படும் முன்பே நம் ஆட்கள் இந்த வாவிக் கரையில் இருந்தார்கள். அவனுக்கு நாம் சொன்ன பதில் அதுதான்.

ஒல்லாந்தர் அதற்கும் முன்பே இந்தக் கரையை அறிந்தவர்கள். 1602ல் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போனார். பிறகு 1638 மே 18ல் தளபதி வெஸ்டர்வோல்ட், இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து கோட்டையைப் பிடித்தார். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து, மே 23ல், மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது "அரசன் விரும்பினால்" மட்டும் என்று அரசனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் எழுதியிருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. அதை வைத்தே பல வருடம் சண்டை நடந்தது. கையெழுத்து வைக்க முன் எல்லாப் பிரதியையும் வாசிக்க வேணும் என்று ஒரு பிள்ளை சொன்னாள். அதைவிட நல்ல விளக்கம் நம்மிடமும் இல்லை.

ஒல்லாந்தர் ஆட்சி நமக்கு என்ன செய்தது? சோனகரையும் செட்டிகளையும் அந்நியர் என்று கணக்கில் எழுதினார்கள். அப்படி எழுதியதால் கம்பனிக்கு ஊழியம் செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வாங்கத் தடை இருந்தது. அது ஆங்கிலேயர் காலத்தில் 1832ல்தான் நீங்கியது. அதே ஒல்லாந்தர்தான் 1770ல், ஆளுநர் பல்க் காலத்தில், முஸ்லிம்களின் விவாகம், வாரிசுரிமை பற்றிய சட்டத் தொகுப்பைப் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1806ல் ஆங்கிலேயர் போட்ட முகம்மதியர் சட்டத்துக்கு அடிப்படை அது. இன்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும் 1951ம் ஆண்டு விவாக, விவாகரத்துச் சட்டத்தின் வேர் தேடிப் போனாலும் அங்கேதான் போய் நிற்கும்.

திரும்பும் வழியில் கல்லடி டச்பாரில் இறங்கினோம். பெயர்தான் டச்சு. அங்கு வாழ்ந்த பறங்கியரின் வீட்டு மொழியோ போர்த்துக்கேயக் கிரியோல். ஆட்சி மாறினாலும் தாய்மார் பேசிய பேச்சு மாறவில்லை. 2004 சுனாமி அந்தக் குடியிருப்பை அழித்துவிட்டது. அன்று நம் ஊர்க் கரையிலும் ஜனாஸா சுமந்தவர்கள் நாம்.

வேனில் ஏறியதும் ஒரு விளையாட்டு வைத்தோம்: வீட்டில் பேசும் ஒல்லாந்தச் சொல் சொல்ல வேண்டும். கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, போஞ்சி. கடைசி வாங்கிலிருந்து "கக்கூசு" என்று ஒரு சத்தம். வீடு வந்து சேரும் வரை சிரிப்பு.

ஆனால் அந்தப் பையனின் கேள்வி நம்மை விடவில்லை. தேர்தல் வந்தாலும் கலவரம் வந்தாலும் நம்மைப் பார்த்து "வந்தவர்கள்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். 300 வருடத்துக்கு முன் ஒரு கம்பனி தன் வசதிக்கு எழுதிய சொல் அது. அதற்குச் சத்தம் போட்டுப் பதில் சொல்லிப் பயனில்லை. ஆதாரம் காட்டிச் சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உம்மம்மாவின் பெட்டியில், லாச்சியின் அடியில், பழைய காணி உறுதி, கலியாணப் பதிவு, பள்ளிவாசல் கணக்குக் கொப்பி ஏதும் கிடந்தால் கறையான் தின்ன விடாதீர்கள், வீடு மாறும்போது எரித்துவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். யாருடைய உறுதி, எந்த வளவு, எந்தக் குடி என்று நீங்களே வாயால் சொல்லிக் கொடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் பிள்ளைகள் அந்தப் படங்களை வகுப்பில் வைத்துப் பேசுவார்கள். அன்றைக்குப் பெற்றோரும் வர வேண்டும்.