நத்தைக்கு முன்னால் சிலந்தி

1525இல் நியூரம்பெர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் கைவினைஞர்களுக்காக ஒரு வடிவியல் நூல் வெளியிட்டார். அதில் வரும் ஒரு வளைகோட்டுக்கு அவர் இட்ட பெயர் சிலந்திக்கோடு. வரைவதற்கு இழுத்த துணைக்கோடுகள் நாலா பக்கமும் கால் பரப்பி நிற்பதால் வந்த பெயர்.

பெயர் நிலைக்கவில்லை. 1650இல், தொடுகோடு வரையும் தம் முறைக்கு எடுத்துக்காட்டாக இதே கோட்டைக் கையாண்ட பிரெஞ்சுக் கணிதர் ரோபெர்வால் அதைப் 'பாஸ்கலின் லிமசோன்' என்றார். லிமசோன் என்றால் பிரெஞ்சில் நத்தை. லத்தீன் 'லிமாக்ஸ்' வழி வந்த சொல். சுருள் படிக்கட்டையும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கோடு சுருண்டுகொண்டே போவதில்லை. உள்ளே ஒரு சிறு கண்ணி விழும், சில வகைகளில் அதுவும் இராது. இந்தப் பாஸ்கல், அழுத்தத்தின் அலகுக்குப் பெயர் தந்த பிளேஸ் அல்ல. அவருடைய தந்தை எத்தியேன். ரூவானில் வரி அதிகாரியாக இருந்தவர். அவரது கணக்குச் சுமையைக் குறைக்கத்தான் மகன் கூட்டல் எந்திரம் செய்தார். இன்று ஜெர்மானியர்களும் 'பாஸ்கலின் நத்தை' என்றே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ட்யூரரின் சொல்லே மேல். கோடு பிறக்கும் விதத்தை அது காட்டுகிறது.

இந்த நத்தைகளில் ஒன்றுக்குக் கோணத்தை மூன்று சமபங்காக்கும் திறன் உண்டு. ஒரு வட்டம், மையம் இ, விளிம்பில் அ என்ற புள்ளி. அ-விலிருந்து வட்டத்தின் குறுக்கே கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றையும் வட்டத்தைத் தாண்டி ஆரத்தின் அளவே நீட்டுங்கள். முனைகளைச் சேர்த்தால் அந்த நத்தையின் வெளிச்சுற்றில் பெரும்பகுதி கிடைக்கும். இனி, அஇ என்ற கோட்டை இ-க்கு அப்பால் நீட்டி, அதிலிருந்து உங்கள் கோணத்தை இ-யில் அமையுங்கள். அதன் மற்றக் கை நத்தையைத் தொடும் இடம் உ. உ-வை அ-வோடு சேர்த்தால், உ-வில் விழும் கோணம் நீங்கள் வைத்ததில் சரியாக மூன்றில் ஒன்று. மிச்ச இரண்டு பங்கும் அ-வில் இருக்கும். இருசமபக்க முக்கோணங்கள் இரண்டைப் பார்த்தாலே நிரூபணம் முடிந்தது.

ட்யூரரும் அதே நூலில் கோணத்தை மூன்றாக்கக் காட்டியிருக்கிறார். ஆனால் வட்டவில்லும் நேர்கோடும் கொண்ட தோராய முறை அது. பிழை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எல்லாக் கோணத்தையும் மூன்றாக்க முடியாதென்று 1837இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் நிரூபித்தார். நத்தையிலும் அந்தத் தடை நீங்கிவிடவில்லை: கவராயத்தால் அதன் புள்ளிகளை வேண்டிய மட்டும் குறிக்கலாம், முழுக்கோட்டையும் இழுக்க முடியாது.