கடல்நீரின் விலையும் ஆற்றுநீரின் மதிப்பும்

நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும் சிங்கப்பூர் நகரம் குடிநீருக்காக நெடுங்காலம் நோக்கியது நம் ஜொகூர் மண்ணையே. 1927ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பூலாய் மலைநீர் ஜொகூர் கடற்பாலத்தின் வழியே குழாயில் சென்றது. 1942 சனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தபோது அக்குழாயும் அறுந்தது. குண்டுவீச்சால் நகரக் குழாய்களும் உடைந்தன. இரு வாரங்களில் நகரம் சரணடைந்தது. அதற்கு நீர்த்தட்டுப்பாடும் ஒரு காரணமாயிற்று.

கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிக்கலாகாதோ எனின், செலவு குறுக்கே நிற்கிறது. ஒரு கன மீட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே 600 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட ஆற்றல் வேண்டும். வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தினும், எரிபொருள் மலிந்த வளைகுடா நாடுகளுக்கே அம்முறை பெரிதும் பொருந்திற்று. ஆகவே, 2005இல் சிங்கப்பூரின் துவாசில் திறக்கப்பட்ட ஆலை நீரைக் காய்ச்சாது, நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்தது. அவ்வாறாகியும் முதலாண்டு விலை கன மீட்டருக்கு 78 சிங்கப்பூர்க் காசு. அதாவது ஆயிரம் கேலனுக்கு ஏறத்தாழ மூன்றரை வெள்ளி. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஜொகூர் ஆற்றின் நீருக்கோ ஆயிரம் கேலனுக்கு 3 சென்! தூய்மைப்படுத்தும் செலவு தனியே உண்டெனினும் இவ்வேறுபாடு சிந்திக்கத் தக்கது.

கதிரவன் கடல்நீரை வடித்து மழையாக்குகிறான். காடு அதனைத் தேக்கி ஆறாக்குகிறது. இதற்கு நாம் கூலி தருவதில்லை. 2019 ஏப்பிரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா கலந்தபோது நீர்நிலையப் பணியே தடைப்பட்டது. விலை குறைந்ததனால் மதிப்புக் குறைந்ததாக எண்ணி ஆற்றைக் கெடுப்போமாயின், கடல்நீரின் விலையை நம் பிள்ளைகளே கொடுக்க நேரும்.